செவ்வந்தி எண்ணிய மாதங்கள்

செவ்வந்தி என் சித்தப்பன் பேத்தி. ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவன் ஆனந்தனுக்கு இவள், இளையவன் பார்த்திபனுக்குப் பூவிழி. ஓரகத்திகள் ஒரே வாசலில் சாமை புடைப்பார்கள், அங்கேயே சண்டையும் போடுவார்கள்.

எட்டாவதோடு நின்ற செவ்வந்தியைச் சுகாதாரத் தன்னார்வலராக எடுத்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. ஆலங்காயத்திலிருந்து வந்த நர்ஸ் ரம்யா மூன்று நாள் பழக்கினாள். இரண்டு வயதுக்குள் என்றால் பலகையில் படுக்க வைத்து அளக்க வேண்டும், தாண்டியிருந்தால் நிற்க வைத்து. தடுப்பூசி அட்டையிலுள்ள பிறந்த தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும். வளர்ச்சிப் படத்திலுள்ள கோட்டுக்குக் கீழே போனால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

நாலாம் நாள் ஓரகத்திகளின் வாசலிலேயே, ஊர் கூடி நிற்க, செவ்வந்திக்குப் பரீட்சை. முதலில் பூவிழியின் மகன் ரஞ்சித். பத்தொன்பது மாதம், எண்பது சென்டிமீட்டர். கோட்டுக்கு மேலே. பூவிழி கூட்டத்தைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். அடுத்து செவ்வந்தியின் மகள் சுவேதா. இருபத்திரண்டு மாதம், எண்பத்து மூன்று. அதுவும் மேலே.

பலகையை விட்டு எழுந்த சுவேதா ஓடிப்போய் ரஞ்சித்தின் பிஸ்கட்டைப் பிடித்து இழுத்தாள். "ண்ணா, குடு!"

"இன்னாம்மா இது, பெரிசு போயி சின்னத அண்ணாங்குது?" என்று ரம்யா சிரித்தாள்.

செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் சாலை அறுந்து கிடந்ததால் ரஞ்சித் வீட்டிலேயே பிறந்தான். வெந்நீர் வைத்தவள் இவள்தான், அப்போது ஐந்து மாத வயிறு. பார்த்திபன் ஏழு மாதம் கழித்துப் பதியப் போய், தாமதத்துக்குக் கேள்வி கேட்பார்கள் என்று, போன நாளையே பிறந்த நாளாகச் சொல்லிவிட்டு வந்தான்.

சொன்னால் ஓரகத்தி பிள்ளை கீழே போகும், தன் பிள்ளை மட்டும் மேலே நிற்கும். சொல்லாவிட்டால் அவன் வளராததை யாரும் கவனிக்கப் போவதில்லை.

"சிஸ்டர், அட்டையில தேதி தப்புங்க. அவனுக்கு இருவத்தாறு மாசம்" என்றாள்.

நிற்க வைத்து மறுபடி அளந்தார்கள். கோட்டுக்குக் கீழே.

பூவிழி பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எம்புள்ள குட்டை, ஒம்பொண்ணு பனமரமாக்கா?"

"கத்தாதடி. நாளைக்கு டாக்டராண்ட நானே தூக்கினு போறேன்."

"நீ இன்னாத்துக்கு? எனக்குக் கால் இல்லியா?"

அந்தக் கோபத்திலேயே பூவிழி மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்து, தினம் முட்டையும் பருப்பும் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் ஓரகத்திகளுக்குள் பேச்சில்லை. ஆனால் அளக்கும் நாளில் முதல் ஆளாக வந்து, வாயைத் திறக்காமல் பிள்ளையை நீட்டுவாள் பூவிழி.

ஆறாம் மாதம் எண்பத்தைந்து.

"இன்னும் கீழதானாக்கா?" பூவிழிக்கு வாய் திறந்துவிட்டது.

"கிட்ட வந்துட்டான். ஒரு விரல்தான் பாக்கி."

"அந்தக் கோட்டக் கொஞ்சம் எறக்கி வரைஞ்சா இன்னா?"

செவ்வந்தி சிரித்துவிட்டாள். பூவிழி செவ்வந்தியின் கோழிக்கூடையில் கையை விட்டு, கிடந்த இரண்டு முட்டையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"அடியே, சுவேதாவுக்கு ஒண்ணு வையிடி!"

"அவதான் வளந்துட்டாளேக்கா!"