சறுக்காத மணல்

வெள்ளவத்தை லொட்ஜில் என் அறைத்தோழன் சூசை, யாழ்ப்பாணத்து மணற்காட்டுக்காரன். அவன் ஊரில் பிள்ளைகள் பனைமட்டையில் குந்தி மணல்மேட்டிலிருந்து சறுக்குவார்கள். கனடா விசா வந்ததும், "போகமுன்னம் ஒருக்கா சறுக்கவேணும் அண்ணை" என்றான்.

இடம் தேடினோம். சண்டையால் மணற்காட்டுக்குப் பாதை இல்லை. கற்பிட்டி மணல்மேடுகளில் கடற்படை முகாம்.

"அம்பாந்தோட்டை?" என்றேன், பூகோளம் கரைத்துக் குடித்தவன் போல.

"யாழ்ப்பாணத்திலை பிறந்த ரெண்டுபேர் மேட்டிலை ஏறிநிண்டு கடலைப் பாத்தா விடுவாங்களே? சறுக்க வந்தனாங்கள் எண்டா ஆர் நம்புறது?"

நானே நம்பமாட்டேன்.

கடைசியில் தெரிவானது பக்கத்து வளவு. புது மாடிவீடு கட்டுவதற்காக அங்கே மணலைக் குவித்திருந்தார்கள். ஞாயிறு பின்னேரம் சூசை ஒரு பலகையோடு உச்சியில் ஏறிக் குந்தினான். என் தொந்தி அனுமதித்த மட்டும் பின்னாலிருந்து தள்ளினேன். பலகை ஒரு முழம் நகர்ந்து புதைந்தது.

"இன்னும் தள்ளுங்கோ அண்ணை."

தள்ளினேன். அசையவில்லை. அவன் இறங்கவுமில்லை. ஒரு பிடி மணலை அள்ளி, விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தான்.

"இது ஆத்துமண். சறுக்காது."

அடுத்த கிழமை பறந்துவிட்டான். மாரியில் தொலைபேசி எடுத்தான். "வீட்டுக்குப் பக்கத்திலை பனிமேடு இருக்கண்ணை. சின்னனுகள் சறுக்குதுகள். பலகையும் வாங்கிப்போட்டன்."

"பிறகென்ன, சறுக்கன்!"

"இன்னும் ஏறேல்லை" என்றான். நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வளவில் அந்த மணல் சுவராகி மூன்றாம் மாடிவரை எழும்பியிருந்தது.