தெய்வநாயகி கொடுத்த வரிசை

ஆரணியில் தங்கவேலுவின் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பையை நீட்டிக்கொண்டுதான் குரல் கொடுப்பார்கள். பட்டுத் தறி நெய்யும் தெய்வநாயகி மட்டும், "யாருங்க கடைசி?" என்று கேட்டு அவர் பின்னால் போய் நிற்பாள். கணவன் போனபின் ஒற்றை மகளை ஆளாக்கியவள், எந்தக் கூட்டத்திலும் யாரையும் முழங்கையால் இடித்ததில்லை. 'கடைசியம்மா' என்றே அவளுக்குக் கடையில் பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் இளமதியின் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் போளூரிலிருந்து வருகிறார்கள். பெண் பார்க்க வந்தபோது பிள்ளையின் தாய் உடம்பு சரியில்லாமல் வரவில்லை; இன்று அவளும் வருகிறாள். வரிசைத் தட்டுப் பேச்சுதான் பாக்கி. போன வருஷம் ஒரு சம்பந்தம் அந்தப் பேச்சில்தான் முறிந்தது. அன்று இளமதி சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இந்த நேரம் பார்த்துக் கேசரிக்கு எடுத்த ரவையில் வண்டு. கடைக்கு ஓடி வந்திருந்தாள்.

கூட்டத்தில் நின்று நின்று, அடுத்தது அவள் முறை. அப்போது வேர்க்க விறுவிறுக்க ஒரு வெளியூர் அம்மாள் வந்து, கல்கண்டு ஒன்றுதான் வேண்டும், வண்டியில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பின்னாலிருந்த பெண் விடவில்லை.

"கடைசியம்மா தாராளமா எடத்தக் குடுக்கும். பேஜாரு நமக்கு."

"ஒங்களுக்கு லேட்டாவாதுங்க," என்றாள் தெய்வநாயகி. "நான் குடுக்கறது என் எடம். நான் கடைசிக்குப் போயிடறேன்."

சொன்னபடியே கடைசிக்குப் போய் நின்றாள். மனசு மட்டும் வீட்டு வாசலில் நின்று தவித்தது.

ரவையோடு திரும்பியபோது வாசலில் வண்டி நின்றிருந்தது. பிள்ளையின் மாமன், பெண்ணின் தாயே வீட்டில் இல்லாதது என்ன மரியாதை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்து, வரிசைத் தட்டு எத்தனை வைப்பார்கள் என்று ஆரம்பித்தார். தெய்வநாயகி தலை நிமிராமல் நின்றாள். அறைக்குள் இளமதியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

"அண்ணா, அந்தப் பேச்ச வுடு."

கேட்ட குரல். நிமிர்ந்தாள். கல்கண்டு வாங்கிய அதே அம்மாள். பிள்ளையின் தாய் அபிதகுசாம்பாள்!

"எனக்குச் சேர வேண்டிய வரிசைய இவங்க காலையிலயே கடையில குடுத்துட்டாங்க. அதுக்கு மேல ஒரு தட்டும் வேணாம்."

தெய்வநாயகியின் கண்கள் பொங்கி வழிந்தன. அபிதகுசாம்பாள் அவள் வாயில் ஒரு கல்கண்டைப் போட்டு, கையிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கேசரியா? எனக்குக் கடைசியா வைங்க சம்பந்தி. இன்னிக்காவது நீங்க மொதல்ல சாப்பிடுங்க."