திருப்பிப் பிசைந்த சாக்லேட் உருண்டைகள்

அக்காவின் கை எப்போதும் சுடும். காய்ச்சல் ஒன்றும் இல்லை. பகல் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து, ஹோட்டல் மேசைவிரிப்புகளையும் முன்பின் தெரியாதவர்களின் சட்டைகளையும் தேய்க்கிற கை அது. வீட்டுக்கு வந்த பிறகும் ஆறுவதில்லை. என் கை அதற்கு நேர்மாறு, எந்நேரமும் ஜில்லென்று இருக்கும். "பயந்தாங்கொள்ளிக் கைடி உன்னுது" என்பாள்.

அவள் என் பெரியம்மா மகள். இருவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். நான் முன்பக்கம் துணி வாங்கிச் சீட்டுக் கொடுக்கிறவள். அவள் பின்பக்கம், ஆவிக்குள். அங்கே சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் இஸ்திரி அக்கா. பொத்தான் தைக்கிற மாமா மட்டும், அவளைவிட இருபது வயது மூத்தவர், "தங்கச்சி" என்று கூப்பிடுவார்.

இந்தச் சலவைக்கூடத்துக்கு ஒரு சூப்பர்வைசர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நம்மாளு. கூடுதல் நேரம் நிற்கச் சொல்லும்போது, "நீ நம்ம ஆளு, அதான் உரிமையோட கேக்கறேன்" என்பார். அந்த உரிமை கேட்பதற்கு மட்டும்தான். கொடுப்பதற்கு அதே உரிமையை அவர் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சாக்லேட் உருண்டை விவகாரம் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. எங்கள் வாடகை வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு மட்டும்தான், கேக் சுடுகிற பெட்டி கிடையாது. ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள் எல்லாரும் வீட்டிலிருந்து எதையாவது செய்து கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். அக்கா சுடத் தேவையில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தாள். கிரீமில் பட்டை, சுக்கு, தட்டிய மிளகு போட்டுச் சூடாக்கி, வடிகட்டி, பொடியாக நறுக்கிய கறுப்புச் சாக்லேட் மேல் ஊற்ற வேண்டும். உடனே கிளறக் கை பரபரக்கும். கிளறக்கூடாது. சாக்லேட் தானாக இளகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு நடுவிலிருந்து வெளியே மெதுவாகக் கலக்க வேண்டும். ஒரு துண்டு வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. ஃப்ரிட்ஜில் இறுகியதும் உருட்டி, கோகோ தூளில் புரட்டினால் முடிந்தது. வாயில் போட்டால் முதலில் சாக்லேட். அது கரைந்து போன பிறகுதான் மிளகு தொண்டையில் வந்து நிற்கும்.

முதல் வருடம் இஸ்திரி மேசைகளுக்கென்று ஒரு சின்ன டப்பா கொண்டுபோனாள். நம்மாளு ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "மேலிடத்துக்கும் ஒரு டப்பா குடுத்தா நல்லா இருக்குமேம்மா" என்றார். மறு வருடம் அது வேண்டுகோளாக இல்லை. அதற்கு மறு வருடம் அவள் சம்பளத்தோடு சேர்ந்த வேலை போலவே ஆகிவிட்டது. "என்னம்மா, உருண்டை எப்ப?"

அக்கா முகம் சுளிக்காமல் செய்தாள். அதற்குக் காரணம் அத்தான்.

அத்தான் தூர ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில் ஆண்டுக் கடைசி விடுமுறை நாளன்று மட்டும் சாலையில் லாரிகளை விடமாட்டார்கள் என்பதால், அந்த ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வருவார், இருட்டியதும் கிளம்பிவிடுவார். ஹோட்டல் துணிக்காக அன்றும் சலவைக்கூடத்தின் பின்பக்கம் ஓடும், அதனால் போன வருடம் அவர் வந்த நாளில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பகல் முழுக்க அவரும் நானும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அந்த வருடத்துப் பேச்சு.

அதனால் இந்த வருடம் முன்கூட்டியே லீவு கேட்டு வைத்திருந்தாள். நம்மாளும் தலையாட்டியிருந்தார். "உனக்கு இல்லாத லீவாம்மா? உருண்டையை மட்டும் மறந்துடாதே."

விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, கலவையைக் காலையிலேயே கிளறி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தாள். எனக்கு அதுவே கவலையாக இருந்தது. நல்லது நடக்கப் போகிறது என்று யாராவது நம்பினால், அது நடக்காமல் போகிற வழிகளை நான் எண்ணத் தொடங்கிவிடுவேன்.

மதியம் முதலாளி கூடத்துக்குள் வந்தார். எப்போதாவதுதான் வருவார். துவைத்த துணிக் கூடை ஒன்றைத் தள்ளிக்கொண்டு நானும் அப்போது உள்ளே போயிருந்தேன். அக்காவின் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று அவர் நம்மாளைக் கேட்டார்.

"இந்த வருஷமும் உங்க வீட்டம்மா உருண்டை உண்டா? அதான், மிளகு போட்டது. என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

"கண்டிப்பா சார். நாளைக்கு டீ நேரத்துக்கு வந்துடும். வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லும்போது நம்மாளு அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அங்கே நிற்பது தெரியாதா? தெரியும். நின்றால் என்ன என்ற தைரியம்தான். அவளுக்கு வாய் இருக்கிறது என்பதையே அந்த ஆள் மறந்து போயிருந்தார்.

தீய்ந்த வாடை வந்தது. அத்தனை வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்காத அக்கா, ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கலவையை வெளியே எடுத்து வைத்தாள். உறைந்த பட்டாணிப் பையை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். கையை ஆறவைத்துத் துடைத்துவிட்டு உருட்டுவாள். அன்றைக்கு ஆறவில்லை. முதல் உருண்டை உள்ளங்கையிலேயே இளகி விரல் இடுக்கில் வழிந்தது. இரண்டாவதும் அப்படியே.

"வீட்டம்மாவாம்! அந்தம்மாவுக்கு மிளகு எந்தப் பக்கம் காய்க்கும்னாவது தெரியுமா?"

"அக்கா, அந்தம்மாவுக்கே இது தெரியாதோ என்னவோ. பாவம்."

"பாவம் பார்க்கிற நேரமாடி இது? நகரு. இல்ல, நகராதே. உன் கையைக் குடு."

என் கை பயத்தில் வழக்கத்தைவிடவும் ஜில்லிட்டிருந்தது. உருண்டைகள் கோலிக்குண்டு போல வந்து விழுந்தன. அக்கா அவற்றைக் கோகோ தூளில் புரட்டி அடுக்கினாள். "ஒருத்தி எரிஞ்சா இன்னொருத்தி நடுங்கணும் போல" என்றாள். அந்தச் சாயங்காலம் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

தட்டு நிறைகிற நேரத்தில் அவளுடைய ஃபோன் அடித்தது. நம்மாளு. அவள் கை முழுக்கச் சாக்லேட் என்பதால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, அந்த லீவு வேணாம்மா. ஹோட்டல்லேர்ந்து துணி மலை மாதிரி வந்து குவியப் போகுது. உன்னை விட்டா எனக்கு யாரு? நீ நம்ம ஆளு."

"வேணாம்னு நான் சொல்லலையே. எனக்கு வேணும்."

"கோச்சுக்காதே. அடுத்த வாரம் எடுத்துக்கோ."

"அடுத்த வாரம் அவரு வரமாட்டாரு. அவரு வர்றது அன்னைக்கு ஒரு நாள்தான். உங்களுக்கு அது தெரியும்."

"லாரிதானேம்மா? ஒரு யூ டர்ன் அடிச்சுட்டு இன்னொரு நாள் வரச் சொல்லு." அவரே சொல்லி அவரே சிரித்தார். "சரி, நாளைக்கு உருண்டை மறந்துடாதே. கொஞ்சம் பெரிசா உருட்டு. போன வருஷம் ரொம்பச் சின்னதா இருந்துச்சு."

அழைப்பு முடிந்தது. அக்கா தட்டைப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்து நசுக்கினாள். அடுத்ததை எடுத்து அதோடு சேர்த்து நசுக்கினாள். நான் அத்தனை நேரம் குனிந்து உருட்டியதையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, சப்பாத்தி மாவைப் பிசைகிற மாதிரி பிசைந்தாள்.

"அக்கா, என்ன பண்றே! பேசாம குடுத்துடலாம். வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்து பிழைக்கிறவர்களுக்கு, வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. தங்கும் அனுமதியும் கூடவே போகும். இதை நான் தினமும் நினைக்கிறேன். அக்காவும் நினைக்கிறாள், சொல்லமாட்டாள்.

"நாலு வருஷமா நான் அந்த ஆளுக்குச் சாக்லேட் குடுக்கறேன். அந்த ஆளு எனக்கு அல்வா குடுக்கறாரு. போதும்டி."

அந்தக் கிண்ணத்தை அப்படியே துணியால் மூடி, மறுநாள் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

டீ நேரத்தில் இஸ்திரிக்கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். முதலாளி வந்துவிட்டார். நம்மாளு கைகளைத் தேய்த்துக்கொண்டு, "எங்கேம்மா?" என்று அக்காவிடம் கண்ணால் கேட்டார். அக்கா கிண்ணத்தை மேசையின் நடுவில் வைத்துத் துணியை எடுத்தாள். உள்ளே கறுப்பாக ஒரே கட்டி. மேலே அவள் விரல் பதிந்த பள்ளங்கள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன இது? உருண்டையா வரலையா?"

"அது வந்து சார்..." நம்மாளு முந்திக்கொண்டார். "வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. உருட்ட முடியல. அதான் இவங்ககிட்ட குடுத்து எடுத்துட்டு வரச் சொன்னேன்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது.

"நாலு வருஷமா இதைச் செய்யறது நான். வீட்டம்மா செஞ்சதுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப நான்தான் உங்க வீட்டம்மாவா? பட்டுனு சொல்லிடுங்க. நாளைக்கு என் புருஷன் வர்றாரு, அந்த மனுஷனுக்கு நான் தகவல் சொல்லணும் இல்ல?"

பொத்தான் மாமா வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டார். அவர் தொடங்கி வைத்ததும் கூடமே சிரித்தது. மடிப்பு மேசைப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டார்கள். நம்மாளின் முகம் சுண்டிப் போய்விட்டது.

"என்னம்மா இது... விளையாட்டுக்கு..."

"விளையாட்டுக்குத்தானே? அப்ப நேத்து சாயங்காலம் ஃபோன்ல லீவு கிடையாதுன்னு சொன்னதும் விளையாட்டுதான். நீங்க தலையாட்டினது எல்லாருக்கும் தெரியும். மாமா, உங்களுக்குத் தெரியும்ல?"

"நான் இங்கதான் பொத்தான் வச்சுக்கிட்டிருந்தேன் தங்கச்சி" என்றார் மாமா. "உனக்கு இல்லாத லீவான்னு கேட்டாரு. காதால கேட்டேன்."

முதலாளி நம்மாளைப் பார்த்தார். "குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேன் சார்."

"அப்புறம் என்ன? போகட்டும்."

அவர் ஒரு ஸ்பூனை எடுத்துக் கட்டியில் ஒரு ஓரத்தைச் சுரண்டி வாயில் போட்டார். கொஞ்சம் பொறுத்துத் தலையை அசைத்தார். மிளகு தொண்டைக்குப் போயிருக்க வேண்டும். "அதேதான். என் பொண்ணுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

அக்கா பதில் சொல்வதற்கு முன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து, மாமாவுக்கு, மடிப்பு மேசைப் பெண்களுக்கு, எனக்கு, ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்தாள். நம்மாளின் முன்னால் வந்தபோது, நாற்காலி ஒன்று வழியில் கிடந்தால் சுற்றிப் போவது போலச் சுற்றிப் போனாள். மீதியை மூடிக் கட்டினாள்.

"கடையில கிடைக்கும் சார்" என்றாள்.

பஸ்ஸில் அவளிடம் சொன்னேன், "ஜெயிச்சுட்டேக்கா."

"என்னத்த ஜெயிச்சேன்?" அவள் குரலில் அந்தப் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "குடுக்கறேன்னு சொன்ன நாள்டி அது. அதைத் திருப்பி வாங்க, அத்தனை பேர் நடுவுல என் புருஷனை இழுத்து, வீட்டம்மா கீட்டம்மான்னு பேசிக் கூத்தடிக்க வேண்டியிருக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அதுல ஒரு சிரிப்பும் வரல. சும்மா கேட்டப்போ கிடைக்கல பார்த்தியா? அதைச் சொல்லு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொதித்தது.

மறுநாள் காலை அத்தான் வந்தார். தாடி வளர்ந்து, டீசல் வாடையோடு. அக்கா வாசல் கதவைத் திறந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்பது போலக் கதவு எண்ணைப் பார்த்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன். உள்ள வாங்க."

கிண்ணத்தை எடுத்து நடுவில் வைத்தாள். "உருட்டலையா?" என்றார் அத்தான். "உருட்டி, நசுக்கியாச்சு. ஸ்பூன்ல தின்னுங்க" என்றாள். பிறகு நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். யூ டர்ன் என்ற இடத்துக்கு வந்ததும் கோபம் முதலிலிருந்து மறுபடி ஏறியது. ஸ்பூனை மேசையில் ஓங்கி அடித்தாள். அத்தான் தின்றுகொண்டே கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை, "அடுத்த வருஷம் எனக்காவது உருட்டித் தருவியா?" என்றார்.

"பார்க்கலாம்."

அப்போது ஃபோன் அடித்தது. நம்மாளுதான் என்று எடுத்துப் பார்க்காமலே எங்கள் மூவருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் கை ஜில்லிட்டது. அக்கா எழுந்து போய், ஃபோனைக் கிண்ணம் இருந்த இடத்தில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எங்க விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். உள்ளே அது கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது.