வழுக்கைக்கு வைத்த செம்பருத்தி

தலையில் முடி முளைக்கும் என்று நம்பி, பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை மொட்டையடித்த முட்டாள் நான்தான். சிங்காநல்லூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தோளுயரச் சுவர். சரோஜா அக்கா பால் வாங்கப் போகும் நேரம் பார்த்து, கையை நீட்டி இலையும் பூவுமாகப் பறித்துவிடுவேன். அரைத்துப் பூசியதில் வழுக்கை முன்னைவிடப் பளபளத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, அம்மனுக்கு வெக்க ஒரு பூகூட இல்லீங்க. யாரு பறிக்கறாங்கன்னு பார்த்தீங்களா?"

"ஆடு மேஞ்சுபோட்டுப் போயிருச்சுங்க்கா."

என் காதோரம் காய்ந்திருந்த பச்சை விழுதையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அதன்பின் நான் சுவர்ப் பக்கமே போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு தொட்டியைத் தூக்கிவந்து என் கேட்டருகே வைத்தார். சாய்வாக வெட்டி, சாணி எரு போட்டு நட்ட செம்பருத்திக் குச்சி. வேர்பிடித்து நாலு தளிர் விட்டிருந்தது. என்னைத் திட்டியிருக்க வேண்டியவர், எனக்காகத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"இது யாருக்குங்க்கா?"

"அந்த ஆட்டுக்குங்க."