பலகை வழியே வந்த தாளம்

என் வலது காது பழுதானதை என்னைவிட முன்னமே எங்கள் பாடற்குழு ரீச்சர் கண்டுபிடித்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம், திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அது சந்தைப் பக்கமிருந்து வருவதுபோல் இருக்கிறது என்பதுதான். கப்பல்காரன் இடம் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

“அன்ரி, உங்கட சுருதி இறங்குது. பக்கத்தில பாடுறவவின்ர வாயைப் பாத்துத்தான் நீங்கள் பாடுறீங்கள்” என்றார் ரீச்சர். என் மகள் வயதுதான் அவருக்கு. மாதா கோயிலின் மேல்மாடத்தில் குமரியாக இருந்த காலத்திலிருந்து பாடுகிறேன். பாடாத ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அழுதேன், பிறகு கோபம் வந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வசதி.

மாடத்தின் மூலையில் ஒரு கஹோன் கிடந்தது. ஏறி இருந்து இரண்டு கையாலும் அடிக்கிற மரப்பெட்டி அது. அடித்த பொடியன் கட்டாருக்குப் போனபின் பாட்டுப் புத்தகங்கள் அதன்மேல் குவிந்திருந்தன.

“இதைப் பழகினால் நான் குழுவில இருக்கலாமோ?”

“ஓம் அன்ரி. ஈஸ்டர் பூசைக்கு அடிச்சுக் காட்டுங்கோ. சரிவந்தால் அது உங்கட இடம்.”

“சரிவராட்டி?”

ரீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. காலை அகட்டி இருக்கவேண்டும், சேலையோடு ஏலாது. மகள் விட்டுப்போன காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். என் மனுசன் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தார். நான் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பின்பலகையைக் கழற்றினேன். முன்பக்கத்து மெல்லிய பலகையில் சில கம்பிகள் சாய்ந்திருந்தன, அவ்வளவுதான். நடுவில் அடித்தால் ‘டும்’, மேல்விளிம்பில் அடித்தால் கம்பிகள் அதிர்ந்து ‘சக்’. இந்த வெறும் பெட்டிக்குள் இரண்டு சத்தம் எப்படிக் குடியிருக்கின்றன என்று சோற்றை அடுப்பில் மறந்து யோசித்தேன்.

போனில் பார்த்துப் பழகினேன். என் கைக்கு இலகுவாக வந்தது ஆட்டப் பாட்டான பைலாத் தாளம் ஒன்றுதான். ஆறு எண்ணிக்கை, சின்ன வயதிலிருந்து கலியாண வீடுகளில் காலுக்குள் ஏறிய தாளம். ஆனால் அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், ஆட்டமும் கூத்தும் ஆகாது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது.

“தவக்காலத்தில பைலாவோ? உமக்குக் கொஞ்சமும் பயமில்லையோ?”

அதன்பிறகு விரல் நுனியால் மட்டும் தட்டினேன். அக்காவுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. ஆனால் ‘டும்’ மட்டும் இருக்கையிலிருந்து முதுகெலும்பில் ஏறி வந்தது. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துப் பார்த்தேன். அப்போதும் வந்தது! குசினிக்கு ஓடிப்போய் அடுப்படியில் நின்ற மனுசனைக் கூட்டிவந்தேன்.

“நீங்கள் அங்க நிண்டு காலால நிலத்தில உதையுங்கோ. எனக்கு வருதோ பாப்பம்.”

பாவம், உதைத்தார். ஒன்றும் வரவில்லை. எங்கள் வீடு சீமெந்துத் தரை. என் அடி எனக்கு விளங்கும், மற்றவர்களின் பாட்டு விளங்காது. அந்தப் பயத்தோடுதான் ஈஸ்டர் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு வாசலில் காவல் நிற்கிற பொலிஸ்காரர் பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டே விட்டார்.

மேல்மாடம் முழுவதும் பலகைத் தளம். காலால் தட்டினால் கீழே பீடத்து மைக் வரைக்கும் கேட்கும். அதனால் காலால் தாளம் போடுவது எங்கள் குழுவில் பெருங்குற்றம், சட்டம் போட்டதே ரீச்சர்தான்.

தவக்காலம் முழுதும் பாடாத அல்லேலூயா தொடங்கியது. ரீச்சர் அதற்கு வைத்திருந்ததும் அதே ஆறு எண்ணிக்கைதான். நாலு வரி சரியாகப் போனது. பிறகு கோயில் மணியும் ஓர்கனும் குரல்களும் சேர்ந்து என் காதுக்குள் மீன்சந்தை. பாட்டு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கை தடுமாறியது. ரீச்சர் என்னைப் பார்த்தார். முடிந்தது கதை என்று கையை எடுத்துவிட்டேன்.

நான் அடிக்காத ஒரு ‘டும்’ பெட்டிக்குள் ஏறி வந்தது. இன்னொன்று வந்தது. குனிந்து பார்த்தேன். ரீச்சரின் ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. அவர் வெறுங்குதிக்காலால் பலகையில் ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார். கை பாட்டுக்கு, கால் எனக்கு. என் கைகள் அந்தக் குத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை விடவில்லை. கண்ணீர் வடிந்தது, துடைக்கக் கை இருக்கவில்லை.

பூசை முடிந்ததும் பாதர் படியேறி வந்தார்.

“ஆர் காலால தட்டினது? மைக்கில கேட்டது.”

எல்லாரும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்கள்.

“அது அன்ரியின்ர பெட்டி, பாதர்” என்றார் ரீச்சர், ஒரு காலால் செருப்பைத் தேடிக்கொண்டு. “இனி எல்லா ஞாயிறும் கேக்கும்.”