ராகுகாலத்தை நிரப்பிய பிரசாந்தன்

2012 இல், புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா சப்பல் முழுக்க ஒரு கதை உலவியது. ரூ பெர்தொனே தெருவில் மகேந்திரராசாவின் நகைக்கடைக் கம்பியூட்டர், தாலிக்குப் பொன்னுருக்க ராகுகாலத்தில் நேரம் குறித்துக் கொடுத்ததாம். அதனால் ஒரு கல்யாணமே நின்றுபோனதாம். விசாரித்துப் பார்த்தால், கல்யாணம் நிற்கவில்லை. எபினே புறநகரில் மண்டபம் நிறைந்து, இரண்டாம் பந்தியும் போட்டு நடந்திருக்கிறது. ஆனால் மற்றப் பாதி உண்மை. அந்தப் பாதிக்குச் சொந்தக்காரர் பிரசாந்தன்.

பெரிய கம்பனியொன்றில் கணினிப் பிரிவில் இருந்தவர். கணினி வேலை வியாபாரத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று படம் போட்டு விளக்குவதில் சூரர். கடையைக் கணினிமயமாக்க வந்த முதல் நாளே முறைப்படி கேட்டார்.

“அண்ணை, கடையின்ர நோக்கம் என்ன?”

“சனம் வந்து காத்து நிக்கக் கூடாது,” என்றார் மகேந்திரராசா.

பிரசாந்தன் அதைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் பதிவுகளை ஆராய்ந்தார். தினமும் ஒன்றரை மணி நேரம் பொன்னுருக்கு இல்லாமல் கிடந்தது. திங்களில் காலை, புதனில் மத்தியானம், ஞாயிறில் பின்னேரம். வேலையாட்களின் சோம்பல் நாளுக்கொரு நேரமாக நகர்கிறது என்று முடிவு கட்டினார். வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் அதே நேரங்கள் அச்சாகியிருந்தன. அவர் அதில் பார்ப்பது விடுமுறைகளை மட்டும். அறிக்கையில் ‘வீணாகும் நேரம்’ என்று தலைப்புப் போட்டு, அந்த இடைவெளிகளை முதலில் நிரப்பும்படி கணினிக்குச் சொன்னார். முதலாளி துபாய் போயிருந்த கிழமையில் தொடக்கியும் வைத்தார்.

முதலில் அகப்பட்டவர் தில்லைநாயகி. ஒரே மகன் கட்டப்போகும் தாலிக்கு, புதன் பகல் ஒரு மணி.

“தம்பி, நேரம் பாத்துத்தானே தந்தனீங்கள்?”

“ஓம் அக்கா. சிஸ்தெம் எல்லாம் பாத்துத்தான் தருது.”

கடையில் பொன்னுருக்கும் பத்தர் தவரத்தினத்துக்குத் திக்கென்றது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் சாத்திரியைக் கேட்டுத்தான் வந்திருப்பார்கள் என்று எண்ணி, வாயை மூடிக்கொண்டு உருக்கினார்.

திரும்பி வந்த முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பிரசாந்தனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“பொன் எங்கையும் வாங்கலாம் தம்பி. சனம் எங்களிட்டை வாறதே நல்ல நேரத்துக்குத்தான். உதையும் உமக்குச் சொல்லித் தரோணும் எண்டு நான் நினைக்கேல்லை. புதுசா உருக்கிக் குடுப்பம். ஆனால் அவவிட்டை நீர்தான் சொல்லோணும்,” என்றார்.

பிரசாந்தன் தில்லைநாயகிக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தார். தாலியின் வடிவம் பற்றிக் கேட்டார், மண்டபத்தில் கார் விட இடமுண்டா என்று கேட்டார், காலநிலை கேட்டார். கல்யாண நாள் வந்துவிட்டது. இதற்கிடையில் தவரத்தினம் தேத்தண்ணிக் கடையில் பெயர் சொல்லாமல் வாயைத் திறந்திருந்தார்.

கல்யாணம் முடிந்த கிழமை, தில்லைநாயகி ஒரு பெட்டி நிறையப் பலகாரத்தோடு கடைக்கு வந்தார்.

“ஆரோ பாவங்கள், ராகுகாலத்திலை உருக்கிப்போட்டினமாம். கேள்விப்பட்டனீங்களே? நல்ல காலம், எங்களுக்கு நீங்கள் பாத்துத் தந்தது.”

பிரசாந்தன் பயித்தம் பணியாரம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைந்திருந்தால் பேசத் தேவையில்லை.

பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கற்கண்டு போட்டு, எபினேயில் தில்லைநாயகி வீட்டுக்கு இரண்டு தடவை கொண்டுபோனார். இரண்டு தடவையும் அழைப்பு மணியைத் தொடாமலே திரும்பினார். பெட்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.