கோழிக்கு ஏது லெந்து?

மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு விழுந்ததும் அது நொடியில் சிவந்து போகும். அப்போது மூக்கில் ஏறுகிற அந்த நெடி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். திருவண்ணாமலையில் மற்ற வீடுகளில் அந்த நெடி வந்தால் புதுப்பெண்ணுக்கோ, பிள்ளை பெற்று வீடு திரும்பியவளுக்கோ ஆரத்தி கரைக்கிறார்கள் என்று பொருள். எங்கள் வீட்டில் வந்தால் ஈஸ்டர் வந்துவிட்டது என்று பொருள். அம்மா அந்தச் சிவப்புத் தண்ணீரை அலுமினியக் குண்டானில் ஊற்றி அடுப்பில் ஏற்றி, முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் இறக்குவாள். சில முட்டைகளில் முருங்கை இலையை ஒட்டவைத்து, கிழிந்த வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பாள். வெந்த பிறகு துணியை அவிழ்த்தால் சிவப்பு முட்டையின் மேல் வெளிர் நிறத்தில் இலை அப்படியே படிந்திருக்கும். அதைப் பார்க்க நானும் தம்பியும் அடுப்பங்கரையில் முண்டியடிப்போம்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர். அம்மா அடி அண்ணாமலையில் நிலம் உழுத குடும்பத்துப் பெண். மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்கு வந்தவள், அங்கேயே மனம் மாறி, யாரும் இழுக்காமல் தானாக ஞானஸ்நானம் பெற்று, அதற்கப்புறம் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். எங்கள் சபை சின்னது, ஐம்பது குடும்பம் தேறினால் அதிகம். அதில் அம்மாவுக்கு முகத்துக்கு நேரே பெயர் 'டிராயிங் மாஸ்டர் சம்சாரம்', முதுகுக்குப் பின்னால் 'புதுசா வந்தவங்க'. பதினைந்து வருஷம் ஆன பிறகும் புதுசு! எவர்சில்வர் பாத்திரம்கூட அவ்வளவு நாள் புதுசாக இருக்காது.

முட்டைக்குச் சாயம் போடுவதை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு வெள்ளைக்காரம்மா. அவர் ஊரிலிருந்து சாயப்பொடி வரும். அவர் நிரந்தரமாகக் கப்பலேறியபோது மிச்சமிருந்த பொடி டப்பாக்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பொடி இரண்டு பண்டிகைக்குத்தான் காணும். தீர்ந்ததும் அம்மா சும்மா இருக்கவில்லை. சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும், காவிக்கு வெங்காயச் சருகு, மஞ்சளுக்கு ஆவாரம்பூ என்று தானே கண்டுபிடித்துக்கொண்டாள். ஈஸ்டர் அன்று விடியற்காலையில் சபை முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் கூடும். மலைக்குப் பின்னால் வானம் வெளுக்க, பாட்டும் ஜெபமும் முடிந்ததும் அம்மா கூடையைத் திறப்பாள், பிள்ளைக்கு ஒரு முட்டை. கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது நான். அந்த நாளில் எனக்கிருந்த திமிர் இருக்கிறதே, கலெக்டர் ஜீப்பில் போகிறவருக்குக்கூட இருந்திருக்காது.

முட்டைக்குக் குறைவே கிடையாது. வீட்டில் எட்டு நாட்டுக்கோழிகள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை 'லெந்து' என்போம். அந்த நாட்களில் கவுச்சி கூடாது, முட்டையும் கூடாது. நாங்கள் வாயைக் கட்டினோமே தவிர கோழிகள் கட்டவில்லை. அம்மா அடைக்கு வைக்க வேண்டியதை வைப்பாள், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பாள், கடைசி இரண்டு வாரத்து முட்டைகளைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைப்பாள். சாயத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். மிதந்தால் கூமுட்டை, அது குப்பைக்குழிக்கு.

அந்த வருஷம் எங்கள் சபையின் மூப்பர் ஞானமுத்து, வெளியூர்க் கன்வென்ஷன் ஒன்றுக்குப் போய்விட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தோடு திரும்பினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நேர்மையானவர், ஆனால் அச்சடித்த காகிதம் எதைக் கண்டாலும் நம்பிவிடுவார். ஈஸ்டர் என்பதே ஒரு அஞ்ஞான தேவதையின் பெயர், முட்டை அவளுக்குப் படைத்த பொருள், பண்டிகையின் வழக்கங்கள் எல்லாம் அஞ்ஞானிகளிடமிருந்து, அதாவது வேறு சாமி கும்பிடுகிறவர்களிடமிருந்து, திருட்டுத்தனமாகச் சபைக்குள் நுழைந்தவை என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தாள் சொன்ன அஞ்ஞானிகள் பழங்கால ஐரோப்பாக்காரர்கள். மூப்பர் 'அஞ்ஞானி' என்ற சொல்லைப் படித்தார், முட்டையை நினைத்தார், ஆரத்தி நிறத்தை நினைத்தார், நேரே என் அம்மாவிடம் வந்து நின்றார். எங்கேயோ குளிர்தேசத்தில் எவளோ ஒரு தேவதையை யாரோ கும்பிட்டதற்கு, அடி அண்ணாமலையில் பிறந்தவள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில்தான் இப்படிப்பட்ட கூத்து நடக்கும்.

முட்டையை நிறுத்துவதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பழசை விடாம செஞ்சிட்டேன், இனிமே செய்யமாட்டேன்னு சபை முன்னாடி சொல்லட்டும். சொல்லாட்டி ஈஸ்டர் அன்னைக்கு திருவிருந்துக்கு வரவேணாம்" என்று போதகரிடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். அப்பமும் திராட்சரசமும் வாங்க முழங்கால் போடுகிற வரிசையில் அம்மா ஒருத்தி மட்டும் இருக்கமாட்டாள் என்றால், அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பே சரியாக எரியவில்லை.

அப்பா சண்டைக்கு அஞ்சுகிறவர். "விடேன். ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. முட்டை இல்லாட்டி இன்னா குடியா முழுவிப்பூடும்?" என்றார்.

"முட்டைக்கா நான் அழுவறேன்? நான் கொண்டாந்ததுனு சொல்றாங்களே, அதுக்குச் சொல்றேன்" என்றாள் அம்மா. கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைக்கப் போனவள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். ஓலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெண்கள் பக்கம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மூப்பர் பிரசுரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ஒவ்வொரு 'அஞ்ஞானி'க்கும் இரண்டு தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. வாசித்து முடித்து, "நாம விட்டுட்டு வந்ததையெல்லாம் பின்வாசல் வழியா உள்ள கொண்டாராங்க. ஆரத்தித் தண்ணியில முட்டைய நனைக்கறது எந்த வேதத்துல இருக்குது?" என்று கேட்டார்.

அந்தச் சபையில் பெண்கள் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேங்க. லெந்து நாள்ல உங்க வூட்ல முட்டை சாப்புடுவீங்களா?"

"அது எப்படிம்மா சாப்புடுவோம்?"

"உங்க வூட்டுக் கோழிங்க?"

"கோழிக்கு இன்னா?"

"அதுங்க லெந்து அனுசரிக்குதுங்களா?"

முதலில் சிரித்தது மூப்பரின் மனைவி. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. போதகர் வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை.

"நாப்பது நாளும் அதுபாட்டுக்கு இட்டுக்கினேதாங்க இருக்குது. நாம தொடறதில்ல. அடைக்கு வெச்சது போவ, குடுத்தது போவ, பண்டிகை வர்றப்போ பானை நெறைய மிச்சம் கிடக்குது. அதை அவிச்சிப் புள்ளைங்களுக்குக் குடுக்காம இன்னாங்க பண்றது? இதுக்கு ஒரு தேவதை வேணுமா? கோழி இருந்தா போதாதா?"

"அந்த ஆரத்தித் தண்ணி?" என்றார் மூப்பர். குரல் கொஞ்சம் கம்மியாகியிருந்தது.

"மஞ்சா நாட்டார் கடையில வாங்கினது. சுண்ணாம்பு வெத்தலக்காரம்மா குடுத்தது. தண்ணி முனிசிபாலிட்டி கொழாத் தண்ணி. இதுல எது வேற சாமியோடதுனு காட்டுங்க, அதை வுட்டுடறேன்."

இத்தோடு உட்கார்ந்திருந்தால் அது ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். அவள் உட்காரவில்லை.

"நான் பொறந்த வூட்ல ஈஸ்டர்னா இன்னானே தெரியாதுங்க. இதைக் கத்துக்குடுத்தது ஆஸ்பத்திரி அம்மா. இந்தத் தாள்ல சொல்ற தேவதை நெசமாவே இருந்தா, அவ அவங்க ஊரு தேவதை. எங்க அப்பாரு மலையப் பாத்துக் கும்புடறவரு, அதை நான் எப்பவும் மறைச்சதில்ல. ஆனா அவரு செய்யாததை அவரு தலையில கட்டாதீங்க. நான் வந்து பதினஞ்சு வருசம் ஆச்சி. இன்னும் எத்தினி வருசம் ஆனா நான் இந்தச் சபைக்காரி?"

அப்பா தலையைக் குனிந்தபடி இருந்தவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. போதகர் எழுந்து, முட்டை கொடுப்பது வழக்கம்போல நடக்கட்டும், திருவிருந்துக்கு யாரையும் தடுக்கப்போவதில்லை என்று இரண்டு வரியில் முடித்தார். எனக்கு அப்போது கூரைமேல் ஏறிக் கத்தவேண்டும்போல் இருந்தது. எங்க அம்மா! என்னைப் பெற்றவள்! படித்தது மூன்றாம் வகுப்பு!

சனிக்கிழமை மத்தியானம் மூப்பரின் மனைவி ஒரு கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எங்க வூட்டுக் கோழியும் லெந்து அனுசரிக்கலம்மா" என்று கூடையை நீட்டினார். உள்ளே பதினெட்டு முட்டை. இருவரும் அடுப்பெதிரே உட்கார்ந்து சாயம் போட்டார்கள். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதைப் பெரியவர்களுக்கும் கொடுத்தாள் அம்மா. மூப்பர் கை நீட்டினார். வாங்கி உரித்து, உப்புக்கூட இல்லாமல் தின்றார். நல்ல மனுஷர். திருவிருந்தில் அம்மா முன்வரிசையில் முழங்காலிட்டிருந்ததை நான் எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதே பிரசுரம் வருகிறது, என்ன, செல்போனில் வருகிறது. ஆசிரியையாக வேலை பார்த்த நாட்களில் நூலகம் நூலகமாக இதைத் தேடிப் படித்தேன். அந்தத் தேவதையைப் பற்றி இருக்கிற பழைய ஆதாரமே, ஆங்கிலத் துறவி ஒருவர் ஒரு மாதத்தின் பெயருக்கு விளக்கமாக எழுதிவைத்த ஓரிரு வரிகள்தான். அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. அவளை மக்கள் கும்பிட்டார்களா என்றே இன்னும் வாதம் நடக்கிறது. ஈஸ்டர் என்ற பெயரும் ஆங்கிலமும் அதன் பங்காளி மொழிகளும் வைத்துக்கொண்டது. மற்றப் பல நாட்டார்க்கு இது, யூதர்களின் பண்டிகைப் பெயரிலிருந்து வந்த பாஸ்காதான். வசந்தத்தில் முட்டைக்குச் சாயம் போடுகிறவர்கள் வேறு மதங்களிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஈஸ்டருக்கும் முட்டைக்கும் உள்ள உறவுக்குப் படித்தவர்கள் முதலில் சொல்லும் காரணம், விரத நாட்களில் விலக்கிவைத்த முட்டை பண்டிகைக்குள் குவிந்துபோனது என்பதுதான். அதைப் படித்தபோது நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பெரிய பெரிய பண்டிதர்கள் என் அம்மா இருக்கிற இடத்துக்கு மெல்ல நடந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

அம்மா அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே அடங்கிப் பல வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக் கோழித்தாழ்வாரம் இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. லெந்தில் முட்டையை விலக்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கிறார்கள், விடியற்கால ஆராதனை முடிந்தால் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கிறார்கள். சாயம் போட யாருக்கும் தெரியாது.

போன வருஷம் சபையின் ஆண்டுவிழா மலருக்காக என்னைக் கட்டுரை கேட்டார்கள். பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். அந்தக் குருத்தோலை ஞாயிறு இருந்தது: 'முட்டை விஷயமாக ஒரு சகோதரி விளக்கம் கூறினார். விஷயம் முடிக்கப்பட்டது.' அவ்வளவுதான். மூப்பர் பெயர் இருந்தது, போதகர் பெயர் இருந்தது, ஜெபம் செய்தவர் பெயர்கூட இருந்தது.

பக்கத்தில் இருந்த இளம் செயலாளரிடம் பேனா கேட்டேன். "மேடம், பழைய ரெக்கார்டுங்க, அதுல எழுதக்கூடாது" என்று பதறினான்.

"எழுதணும் தம்பி" என்றேன்.

அம்மாவின் ஞானஸ்நானத்தின்போது மரியாள் என்றோ மார்த்தாள் என்றோ பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். "எங்க அப்பாரு வெச்ச பேரு, அது இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டாளாம். 'ஒரு சகோதரி' என்பதற்கு மேலே, நல்ல தடித்த எழுத்தில், முனியம்மாள் என்று எழுதினேன்.